பதினோராவது ஆள்

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. லாங் சைஸ், கெட்டி அட்டை, முதுகில் காக்கித் துணி ஒட்டியது. பனியன் கம்பெனியில் கட்டிங் கணக்கு எழுதுவதற்காக வாங்கி வைத்திருந்ததில் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, 1979-ல் எங்கள் வீதிக் கால்பந்துச் சங்கத்தின் ஜெர்சிக் கணக்கை அதில் எழுத ஆரம்பித்தேன். பக்கத்துக்கு நான்கு கட்டம்: பெயர், அளவு, கொடுத்த காசு, பாக்கி. அளவு என்றால் எஸ், எம், எல் இல்லை. அப்போது எங்களுக்கு எல்லாம் சென்டிமீட்டர்தான். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. முதல் பக்கத்தில் பதினான்கு பெயர். அதில் ஒன்பது பேருக்குப் பாக்கி நிற்கிறது. அதை நான் கடைசிவரை வசூல் பண்ணவே இல்லை.

முதல் ஜெர்சி வந்த கதையைச் சொல்ல வேண்டும். அன்றைக்குத் திருப்பூரில் ஓடியது பெரும்பாலும் வெள்ளை பனியன். வெளிநாட்டு ஆர்டர் என்ற பேச்சே அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்திருந்தது. கலர் துணி கையில் கிடைப்பது அபூர்வம். கை வைத்த, வட்டக் கழுத்து ஆர்.என். பனியனில் பதினான்கு செகண்ட்ஸ் பீஸ் வாங்கினோம். எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், நொய்யல் ஆற்றோரச் சாயப்பட்டறையில் வேலையில் இருந்தான். வேறு ஏதோ லாட்டுக்குப் போட்டு முடித்த நீலத் தண்ணீரில் கடைசியாக முக்கி எடுத்துக் கொடுத்தான். முதுகில் எண் வைக்கக் கறுப்பு நாடா. அதை சிங்கர் மெஷினில் ராத்திரி உட்கார்ந்து நானே தைத்தேன். மழையில் ஆடிய முதல் ஆட்டம் முடிந்து ஜெர்சியைக் கழற்றியபோது பதினோரு பேர் நெஞ்சும் நீலமாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்த ராத்திரி குளித்த தண்ணீர்கூட நீலமாகத்தான் போனது.

சங்கத்துக்கு நாற்பத்தைந்து வயதானபோது மலர் போடுவது என்று முடிவானது. முப்பத்திரண்டு பக்கம். நடுவில் எட்டுப் பக்கம் சங்க வரலாறு. யார் யாரைப் போடுவது என்று பார்க்க ஐந்து பேர் ஒரு பேக்கரி மாடியில் கூடினோம். செயலாளர் தம்பிக்கு வயது இருபத்தெட்டு. நல்ல ஆட்டக்காரர், சங்கத்துக்காக ஓடியாடி வேலை பார்க்கிறவர்.

“இருபத்தஞ்சு பேர் போதுங்கண்ணா. போட்டோவோட போட்டா கச்சிதமா நிக்கும்” என்றார்.

“மத்தவங்க?”

“மத்தவங்களுக்கு ‘மேலும் பலர்’னு போட்டுக்கலாங்க.”

அந்த ‘மேலும் பலர்’ எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. இருபத்தைந்து பேரைப் பொறுக்க ஆளுக்கொரு அளவுகோல் சொன்னார்கள். அதிகக் கோல் அடித்தவர்கள் என்றார் ஒருவர். மாவட்ட அணிக்குப் போனவர்கள் என்றார் இன்னொருவர். ஐம்பது ஆட்டத்துக்கு மேல் ஆடியவர்கள் என்றது மூன்றாவது குரல். எங்களிடம் கோல் கணக்கு கிடையாது. யார் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்பதும் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அடித்தவர்களுக்கு அவரவர் கோல் நினைவிருக்கிறது. தடுத்தவர்களுக்குத் தடுத்தது நினைவில்லை, விட்டதுதான் நினைவிருக்கிறது. எழுத்தில் இருப்பது என் ஜெர்சி நோட்டு ஒன்றுதான். அதில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. அன்றிலிருந்து இரண்டு மாதம் எனக்கு இதே யோசனை. மற்ற சங்கங்கள் இதை எப்படிச் செய்தன, யாரைச் சேர்த்தன, யாரை விட்டன என்று படித்தேன், கேட்டேன், பழைய பத்திரிகைகளைத் தேடினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் பழைய சங்கங்களின் வரலாற்றுப் புத்தகங்களில் நூறு ஆட்டம் என்று ஒரு கோடு போடும் வழக்கம் உண்டு. நூறு ஆடியவர் பட்டியலுக்குள், தொண்ணூற்றொன்பது ஆடியவர் வெளியே. அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது, அதனால் கோடு போட முடிகிறது. ஆனால் ஜெர்சி தைக்கிறவனாக எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு ஒரு விஷயம். அவர்களிடமே முதுகில் எண் வந்தது தாமதமாகத்தான். 1928-ல் ஆர்சனல் அணி ஒரு லீக் ஆட்டத்தில் எண் போட்டுப் பார்த்தது. 1939-ல்தான் அந்த லீகில் எண் கட்டாயமானது. அப்போதும் எண் ஆளுக்கு இல்லை, ஆடும் இடத்துக்குத்தான்; கோலிக்கு ஒன்று, நடு ஃபார்வர்டுக்கு ஒன்பது, அன்றைக்கு அந்த இடத்தில் யார் நின்றாலும் அதே எண். முதுகில் ஆளின் பெயர் ஏறி, ஆண்டு முழுவதும் ஒருவருக்கு ஒரே எண் என்று ஆனது பிரீமியர் லீகில் 1993-ல். அதுவரைக்கும் ஜெர்சி சங்கத்துடையது, ஆள் வந்து போகிறவர். நாங்கள் 1979-ல் நாடா தைத்தபோது நடந்ததும் இதேதான். ஏழாம் எண் ஜெர்சியை எங்களில் ஆறு பேர் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டே ஆட்டம் ஆடி ஒரு பெரிய சங்கத்தின் வரலாற்றில் இடம் பிடித்த நம் நாட்டுக்காரர் ஒருவர் உண்டு. கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் முகமது சலீம். 1934 தொடங்கி 1938 வரை கல்கத்தா லீகை ஐந்து ஆண்டு தொடர்ந்து வென்ற அணி அது. 1936-ல் சலீம் ஸ்காட்லாந்துக்குப் போனார். கிளாஸ்கோவில் அவருடைய உறவினர் கடை வைத்திருந்தார். அவர் அழைத்துப் போய் செல்டிக் சங்கத்தில் நிறுத்தினார். சலீம் பூட் போட்டுப் பழகாதவர். காலில் பட்டைத் துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு ஆடினார். இரண்டு ஆட்டம். அப்புறம் ஊர் ஞாபகம் வந்து கல்கத்தாவுக்கே திரும்பிவிட்டார். நூறு என்று கோடு போட்டிருந்தால் சலீம் எங்கே இருப்பார்? ஆனால் செல்டிக் வரலாற்றைப் பேசுகிறவர்கள் அவர் கால் பட்டையை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. அந்தப் பட்டைத் துணியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அது என்ன நெசவு, எங்கே வாங்கியது என்று யோசிப்பேன். என் தொழில் அப்படி.

இன்னொரு பக்கம் கல்கத்தாவின் மோகன் பகான் சங்கம். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படை அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். அன்று ஆடிய பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால். பூட் போட்டிருந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். சிவதாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். அந்தப் பதினொருவரையும் சாகாத பதினொருவர் என்றே வங்காளத்தில் சொல்கிறார்கள். ஜூலை 29-ஐ இன்றைக்கும் சங்கத்தின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவர்கள் கோல் அடித்த இரண்டு பேரோடு நிறுத்தவில்லை. பதினோரு பேரும் சேர்த்து ஒரே பெயராக ஆகிவிட்டார்கள். கோலி ஹீராலால் முகர்ஜியும் பின்னால் நின்ற பூதி சுகுலும், சிவதாஸ் பாதுரிக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடத்தில் இருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். திருப்பூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. அந்த மலையில் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் 1947-ல் அங்கே வந்தது. அந்த மையத்தின் கால்பந்து அணி 1955-ல் டூரண்ட் கோப்பையை வென்றது, 1958-ல் மறுபடியும் வென்றது. 1888-ல் சிம்லாவில் தொடங்கிய கோப்பை அது, நாட்டிலேயே பழையது. நம் மலை மேலிருந்து போன ஒரு அணி அதை இரண்டு முறை தூக்கியிருக்கிறது. இதை எங்கள் சங்கத்துப் பையன்களிடம் சொன்னபோது ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கே வயசான பிறகுதான் தெரிந்தது.

அந்த அணியில் நமக்குப் பெயர் தெரிகிற ஒருவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டன் வந்தவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக். கல்கத்தாவின் மூன்று பெரிய சங்கங்களுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. நிற்கட்டும், அவர் பெருமை அவருக்கு. ஆனால் டூரண்ட் கோப்பையைத் தங்கராஜ் ஒருவர் வெல்லவில்லை. அவருக்கு முன்னால் நின்ற இரண்டு பேக், பக்கத்தில் ஓடிய சிப்பாய்கள், வெலிங்டன் பரேடு மைதானத்துக் குளிரில் விடிகாலையில் பந்து பொறுக்கிப் போட்ட பையன்கள் எல்லாம் எங்கே? அவர்கள் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கோப்பையில் அணியின் பெயர் இருக்கிறது, ஆட்களின் பெயர் போய்விட்டது.

தங்கராஜ் கதையிலேயே எனக்கு வேண்டிய சாட்சி ஒருவர் இருக்கிறார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அந்த இறுதி ஆட்டத்தில் கோலி தங்கராஜ். ஆனால் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது முந்தைய ஆட்டங்களில் வலைக்கு முன் நின்றவர் பிரத்யுத் பர்மன். பயிற்சியாளர் ரஹீம் இறுதிக்கு மறுபடியும் தங்கராஜைத் தேர்ந்தெடுத்தார். அது அவர் முடிவு, ஜெயித்தும் விட்டது. பர்மன் இல்லாவிட்டால் அந்த இறுதிக்கு இந்தியா வந்திருக்குமா? படம் எடுக்கும்போது வலைக்கு முன் நிற்பவர் ஒருவர், அந்த இடம்வரை வலையைக் காத்துக் கொண்டுவந்து சேர்த்தவர் இன்னொருவர்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு அளவுகோல் பிடிபட்டது. ‘இவர் எவ்வளவு நன்றாக ஆடினார்’ என்று கேட்காமல், ‘இவர் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஆட்டம் நடந்திருக்குமா’ என்று கேட்டுப் பார்த்தேன்.

திருப்பூரில் அது சின்னக் கேள்வி இல்லை. வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இங்கே ஒன்றரை ஷிப்ட் என்று ஒரு கணக்கு உண்டு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு, அதுவும் ஷிப்மெண்ட் நெருக்கினால் கிடையாது. ஞாயிறு காலை ஆறரைக்கு மைதானத்தில் பதினோரு பேரை நிறுத்துவது என்பது கோல் அடிப்பதைவிடக் கஷ்டம். பவர்டேபிள் டெய்லர் ஒருவர் இருப்பார், சம்பளம் வாங்கி ஊருக்கு பஸ் ஏறியிருப்பார். செக்கிங்கில் இருப்பவர் ராத்திரி முழுக்க நின்றிருப்பார். உதவிக்கு நிற்கும் கைமடி பையன் தூங்கியிருப்பான். எட்டுப் பேர் வந்து, ஒன்பது பேர் வந்து, பத்துப் பேர் வந்து, எதிரணி சிரித்துக்கொண்டு நிற்கும்போது யாரோ ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு லுங்கியை மடித்துக்கொண்டு வருவார். அந்தப் பதினோராவது ஆள் என் நோட்டில் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். ஆட்டம் தெரியாதவர்கள் அதில் பாதி. அவர்கள் வந்ததால்தான் சங்கம் நாற்பத்தைந்து வருஷம் வந்திருக்கிறது.

நோட்டில் 1984-ம் ஆண்டுப் பக்கம் மட்டும் ரொம்ப நீளம். அந்த ஆண்டு பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஊரில் மெஷின் சத்தமே இல்லை. வீட்டில் அடுப்பு எரிவது பெரும்பாடாக இருந்தது; ரேஷன் அரிசியும் கடனும்தான். சாயந்திரமானால் என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்கள் மைதானத்துக்கு வந்தார்கள். அதுவரை பந்தையே தொடாதவர்கள் வந்தார்கள். அந்த நான்கு மாதத்தில் இருபத்தாறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவரிடமும் காசு இல்லை. பாக்கிக் கட்டம் முழுக்க நிறைந்திருக்கிறது. வேலைநிறுத்தம் முடிந்து மெஷின் ஓடத் தொடங்கியதும் இருபது பேர் திரும்ப வரவில்லை. நேரமில்லை. இவர்கள் கோல் அடித்தார்களா, தெரியாது. ஆனால் 1984-ல் எங்கள் சங்கம் என்பது இவர்கள்தான். இவர்களை ‘மேலும் பலர்’ என்று எழுத என் கை வராது.

அதேபோல 2011. ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேல் பட்டறை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டுக் கிடந்தது எங்கள் கண்முன் நடந்த விஷயம். உழவர்கள் வழக்குப் போட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பட்டறைகள் மூடியதோடு எங்கள் அணியும் உடைந்தது. நாங்கள் ஆரம்பத்திலிருந்தே சாயப்பட்டறை ஆட்களை நம்பி நின்ற அணி. அந்த ஆண்டுப் பக்கத்தில் ஒன்பது பெயர்தான், பதினொன்றுகூட இல்லை. அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட மாவட்ட அணிக்குப் போனவர் இல்லை. ஒன்பது பேரோடு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளுக்கு மட்டும் போய் சங்கத்தின் பெயரைக் காப்பாற்றினார்கள்.

கோவைக்குப் போன அந்தச் சனிக்கிழமையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2019 மார்ச் 9. நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி. அணி மினர்வா பஞ்சாபை எதிர்த்து ஆடியது. சென்னையின் பெயரை வைத்திருந்தாலும் அப்போது அதற்குச் சொந்த மைதானம் கோவைதான். அந்தப் பருவத்து ஐ-லீகில் கடைசி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. சங்கத்துப் பையன்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஆட்டம் தொடங்கி மூச்சு விடுவதற்குள் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. பாதி ஆட்டம்வரை அப்படியே நின்றது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் நகம் கடித்தே விரலில் ரத்தம். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா. அவர் தடுப்பாட்டக்காரர், அசாம் பையன். ஒன்று அடித்தார், ஆட்டம் முடியும் நேரத்தில் இன்னொன்றும் அடித்தார். மூன்றுக்கு ஒன்று. நாற்பத்து மூன்று புள்ளி. ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தை ஜெயித்து நாற்பத்திரண்டில் நின்றது. தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீகை வென்ற முதல் அணி.

மான்சி அந்தப் பருவத்தில் இருபத்தொரு கோல். பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், பாண்டியன் சீனிவாசன், அஜித் குமார் என்று நம் பையன்கள். ஒரு கோப்பை, ஒரு பெரிய ராத்திரி. அதற்கப்புறம் இரண்டு ஆண்டு. கொரோனா தொற்று வந்தது, அவர்கள் தகுதி பெற்றிருந்த ஏ.எஃப்.சி. கோப்பை அந்த ஆண்டு பாதியில் ரத்தானது. 2020-21 பருவத்தோடு சென்னை சிட்டி ஐ-லீகிலிருந்தே போய்விட்டது.

இப்போது அந்தச் சங்கத்தின் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால் யாரைச் சேர்ப்பார்கள்? மான்சி வருவார், போரா வருவார். நியாயம்தான். ஆனால் 2016-17-ல் ஐ-லீகில் புதிதாக நுழைந்தபோது பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்து உதை வாங்கிய அணியில் ஆடியவர்கள்? 2017-18-ல் கோவைக்கு வந்து காலி கேலரிக்கு முன்னால் ஆடியவர்கள்? நான் அந்த ஆண்டும் ஒரு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் வரிசையில் நானும் கடலை விற்கிறவரும்தான். அவர்கள் அன்றைக்குத் தோற்றாலும் ஆடிக்கொண்டிருந்ததால்தான் மார்ச் 9-க்கு ஒரு மைதானமும் ஒரு அணியும் இருந்தது. கோப்பை வாங்கிய ஆண்டை மட்டும் எழுதினால், அந்தச் சங்கம் ஒரே ஒரு வருஷம்தான் இருந்தது என்று ஆகிவிடும்.

ஒரு பெயர் நின்று மற்ற பெயர்கள் காணாமல் போவது எங்கள் ஊருக்குத் தெரியாத விஷயம் இல்லை. 1925-ல் முதல் பின்னல் தொழிலகத்தைத் தொடங்கியவர் குலாம் காதர் என்று பனியன் தொழிலின் வரலாறு எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். அவருடைய மெஷினில் வேலை பார்த்த முதல் ஆள் யார் என்று ஒருவரும் எழுதவில்லை. 1932 ஜனவரி 10 அன்று கொடியோடு ஊர்வலம் போனவர்களில் குமரன் பெயரை ஊரே சொல்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு நினைவிடமும் இருக்கிறது. ஊர்வலத்துக்கு அடுத்த நாள் அவர் உயிர் போனது. அவரோடு தடியடி வாங்கி, உயிர் தப்பி, அதற்கப்புறம் மில்லுக்கு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? குமரன் பெயரை யாரும் குறைக்க வேண்டாம். நடந்தவர்கள் எல்லோர் பெயரையும் அந்தக் காலத்திலேயே ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருந்தால் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

பேக்கரி மாடியில் இரண்டாவது கூட்டம். நோட்டைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். எல்லாப் பெயரும் மலரில் வரட்டும், ஒழுங்காக ஆண்டு வாரியாக, உள்ளது உள்ளபடி என்றேன். பெரியவர் ஒருவர் எதிர்த்தார். பாக்கி கொடுக்காமல் போனவர்களையும் போடுவதா, எதிர் சங்கத்துக்குத் தாவியவனையும் போடுவதா, அடிதடியில் நாங்களே நீக்கியவனையும் போடுவதா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நானும் அந்த ஆட்களை நினைத்துக்கொண்டேன். தாவியவர்தான் 1991-ல் எங்களை ஒரு ஷீல்டுக்குக் கொண்டுபோனவர். நீக்கியவர் நடத்தை சரியில்லை, ஆனால் ஆடியது ஆடியதுதான். அவரை நீக்கியதையும் ஒரு வரி எழுதலாம் என்றேன். எழுதினோம்.

அதைவிடப் பெரிய வாக்குவாதம் பெண் பிள்ளைகள் விஷயத்தில் வந்தது. 2018-ல் சீனியர் தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று கோப்பை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு மதுரைப் பக்கத்துச் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீகை வென்றது. அந்தச் சூட்டில் எங்கள் வீதிப் பெண் பிள்ளைகள் பதிமூன்று பேர் ஜெர்சி கேட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அதில் ஆறு பேர் பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள். அளவு எடுத்தேன், நோட்டில் எழுதினேன், தைத்துக் கொடுத்தேன். சில மாதம் ஆடினார்கள், அப்புறம் தொற்றில் நின்றுபோனது. “அது தனி, சங்கத்து அணி வேறங்க” என்றார்கள் குழுவில். ஒரே நோட்டு, ஒரே நீலம், ஒரே சங்கத்தின் பெயர் முதுகில். அதில் தனி எங்கே வந்தது என்று கேட்டேன். செயலாளர் தம்பிதான் முதலில் என் பக்கம் வந்தார். அந்தப் பதிமூன்று பேரில் ஒருத்தி அவர் தங்கை.

இன்றைக்கு ஜெர்சி தைப்பது வேறு மாதிரி ஆகிவிட்டது. பாலியஸ்டர் துணி, கம்ப்யூட்டரில் பெயரும் எண்ணும் வரைந்து காகிதத்தில் அச்சடித்து, சூடு வைத்து அழுத்தினால் சாயம் நூலுக்குள்ளேயே ஏறிவிடுகிறது. சப்ளிமேஷன் என்கிறார்கள். மழையில் ஓடாது, நெஞ்சில் ஒட்டாது. பருத்தியில் அது பிடிக்காது, பாலியஸ்டரில்தான் பிடிக்கும். ஒவ்வொரு பையனும் முதுகில் தன் பெயரைக் கேட்கிறான். கொடுக்கிறோம். கம்ப்யூட்டரில் அடுத்த ஆர்டர் வந்தால் பழைய பட்டியல் அழிந்துவிடுகிறது. அதனால் இன்னும் நான் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் எட்டுப் பக்கம் பதினான்கு பக்கமானது. படங்களைக் குறைத்தோம். விளம்பரம் கொடுத்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அப்பாவின் பெயரும் 1984 பக்கத்தில் இருந்தது, எண்பத்தைந்து சென்டிமீட்டர், பாக்கி நான்கு ரூபாய்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். 2014 பக்கத்தில் ஒரு வரி: ‘ஒரிசா தம்பி, 90, காசு கொடுத்தாச்சு.’ வேலம்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்த பையன். இடது காலால் பந்தை வளைத்துப் போடுவான். ஞாயிறு தவறாமல் வருவான், எங்களில் யாரோடும் தமிழில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். ஒரு வருஷம் ஆடினான். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் வரவில்லை. அவன் பெயரைக் கேட்டு எழுதாமல் விட்டது நான். அவனோடு தங்கியிருந்த ஆட்களைத் தேடி இரண்டு ஞாயிறு அலைந்தேன். கம்பெனி கைமாறி, ரூம் மாறி, ஆட்களும் மாறிவிட்டார்கள்.

அச்சகத்தில் புரூஃப் பார்த்த பெண் அந்த வரியைக் காட்டி, “இத எடுத்துரலாங்களா சார், பேரு இல்லியே?” என்று கேட்டாள்.

எடுக்க வேண்டாம் என்றேன். ‘ஒரிசா தம்பி’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு இடம் விட்டு அச்சடித்திருக்கிறோம். என் பிரதியில் அந்த வரியில் பேனாவைச் செருகி வைத்திருக்கிறேன்.